இடைப்பட்ட இரண்டாண்டுகள்

பவனையாறும் முளாவாறும் அருகோடும் சாங்வியில் நாங்கள் குடியேறிய நாள்தொட்டு, ஊர் நெல்லின் ஏக்கத்தை இந்திராயணி அரிசியே ஒருவாறு ஆற்றி வந்தது. பின்னர் ‘இயற்கை விளைபொருள்’ என முத்திரையிட்ட பொட்டலங்கள் கடைகளுக்கு வந்தன. கிலோவுக்கு நாற்பது ரூபாய் கூடுதல். எனினும் நஞ்சில்லா உணவை உண்கிறோம் என்ற நிறைவோடு வாங்கினோம். அந்நிறைவில் சிறிது பெருமையும் கலந்திருந்ததை மறைப்பானேன்? கோவில்பட்டியில் அரசு வேளாண் ஆராய்ச்சிப் பணியைத் துறந்து உழவரிடையே வாழ்ந்து, 2013 இல் மறைந்த நம்மாழ்வார் ஐயாவைப் போற்றிப் பேசுவதில் நாங்கள் எவர்க்கும் பின்தங்கியவர்கள் அல்லோம்.

இந்நிலையில்தான், தஞ்சைப் பகுதியில் எங்கள் பங்கு நிலத்தையும் சேர்த்துப் பயிரிட்டுவரும் தம்பி தொலைபேசியில் அழைத்தான். யூரியாவை விட்டுவிட எண்ணியிருப்பதாகவும், மண் தேறும்வரை குத்தகையைப் பாதியாகக் கொள்ள முடியுமா என்றும், “அண்ணே, தப்பா நினைக்காதீங்க” என்ற முன்னுரையோடு கேட்டான். யோசித்துச் சொல்வதாகக் கூறினோம். பொட்டலத்துக்கு வாரி வழங்கிய கை, ஊர்ப்பக்கம் நீள மறுத்தது.

சான்றிதழ் முறையில் நெல் போன்ற ஓராண்டுப் பயிர்களுக்கு மாறுகாலம் இரண்டாண்டுகள். அந்நாளில் விளைச்சல் குறையக்கூடும். ஆயினும் இயற்கை விளைபொருள் என்ற முழு முத்திரையோடு விற்க இயலாது. இவ்விடைக்காலத்து இழப்பை யார் சுமப்பது என்ற வினாவை விட்டுவிட்டு இலக்குகளைப் படிப்பது எளிது. 2024 நவம்பரில் நடுவணரசு ஒப்புதல் அளித்த தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்தின் இலக்கு ஒரு கோடி உழவர், 7.5 லட்சம் ஹெக்டேர். ஐரோப்பிய ஒன்றியமோ 2030க்குள் விளைநிலத்தில் 25 விழுக்காடு என்றது. சிக்கிம் 2003 இல் உறுதிபூண்டு, ஏறத்தாழ 75,000 ஹெக்டேரை மாற்றி, 2016 இல்தான் முழு இயற்கை வேளாண் மாநிலம் எனப்பட்டது. இலங்கையில் 2021 இல் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடுத்தார்கள். நெல்லும் தேயிலையும் சரிந்தன; அவ்வாண்டு முடியுமுன்னரே தடை தளர்ந்தது. பதின்மூன்று ஆண்டுகள் எங்கே, சில திங்கள் எங்கே!

ஒரு வாரம் கழித்துத் தம்பிக்கு இசைவு தந்தோம். ஒரு வாரம் ஆயிற்றே என்பதில் இன்றும் எங்களுக்குக் கூச்சம் உண்டு. அவன் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுது, அதன்மேல் நாற்று நட்டான். ஏக்கருக்கு முப்பது மூட்டை கண்ட வயல் பத்தொன்பதே தந்தது. மறு ஆண்டு இருபத்திரண்டு. பாதிக் குத்தகையையும் அனுப்ப வேண்டாம் என்றோம். அவன் அரிசியாக அனுப்பினான்; நொய் சற்று மிகுதி.

சென்ற வாரம் மீண்டும் பேசினான். மேல்மடை வயலில் இடும் யூரியா வாய்க்கால் நீரோடு தன் வயலுக்கும் இறங்குகிறதே, சான்றளிக்க வருபவரிடம் என்ன சொல்வது என்று கேட்டான். அதற்குச் சாங்வியிலிருந்து நாங்கள் சொல்லத்தக்க மறுமொழி ஏதும் இல்லை. அடுத்த நடவுக்கு ஊருக்கு வருவதாக மட்டும் சொன்னோம்.