கையெழுத்தில்லாத வரவு

நான் சிவில் வக்கீல். ஒரு பெண்ணின் இரண்டு லட்சம் ரூபாய் என்னால் போயிற்று. சட்டம் தெரியாததால் அல்ல.

நகையை அடகு வைத்துத் தூரத்து உறவினருக்குக் கடன் கொடுத்தவர் அவர். கையில் புரோநோட்டு. 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, எழுதிய தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். கோர்ட்டில் இதை லிமிடேஷன் என்போம். அவர் வந்தபோது சில வாரங்கள் மிச்சமிருந்தன. "போன வருஷம்கூட வட்டி கொடுத்தார் சார்" என்றார். அப்படியானால் அந்த வட்டியிலிருந்து புதிதாக மூன்று வருடம், அவசரமில்லை என்று கேஸ் கட்டை ஓரமாக வைத்தேன்.

நோட்டின் பின்பக்கத்தை நான் திருப்பிப் பார்க்கவில்லை. என் ஜூனியர் பார்த்தாள். "சார், வரவு எழுதிக் கையெழுத்து வாங்கலையே, லிமிடேஷன் ஓடிட்டிருக்கே" என்றாள். எதிரில் வேறு கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "எனக்குப் பாடம் எடுக்காதே" என்றேன். வட்டி கட்டியவர் கைப்பட எழுதியோ கையெழுத்திட்டோ இருந்தால்தான் பிரிவு 19 உதவும். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்ததை ஒரு சின்னப் பெண் சொல்லிக் கேட்க மனம் வரவில்லை.

பிராது எழுத உட்கார்ந்தபோது கெடு தாண்டியிருந்தது. மேல்முறையீடு என்றால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம். அசல் வழக்குக்கு அது கிடையாது. ஆனாலும் ஒரு வழி இருந்தது. காலாவதியான கடனைத் தருகிறேன் என்று வாங்கியவர் எழுதிக் கையெழுத்திட்டால், ஒப்பந்தச் சட்டம் அதை ஏற்கும். அவர் அதுவரை முகம் முறிக்கவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருக்கக்கூடும். அதற்கு அந்த அம்மாளிடம் என் தவறைச் சொல்லியாக வேண்டும். பயந்தேன். வழக்கையே போட்டேன். கோர்ட் கட்டணமும் அவரிடமே வாங்கினேன். சம்மன் போனதும் உறவு முறிந்தது.

எதிர்த்தரப்பு லிமிடேஷனைக் கிளப்பவே இல்லை. அதை நம்பித்தான் இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாரும் கிளப்பாவிட்டாலும் நீதிபதியே தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது காலவரம்புச் சட்டத்தின் பிரிவு 3. செய்தார். நகை ஏலத்துக்குப் போனது.

"ஜட்ஜ் நம்ம சாட்சியை நம்பலம்மா" என்றேன். அவர் என்னை நம்பினார். அப்பீல் போடலாமா என்று என்னிடமே கேட்டார். செலவுக்குக் கட்டாது என்று அனுப்பிவிட்டேன். உண்மை தெரிந்திருந்தால் பார் கவுன்சிலில் என்மேல் புகார் கொடுத்திருப்பார். அதனால்தான் சொல்லவில்லை.