கை ஏன் ஜில்லுனு ஆச்சு?

நாலாவது செமஸ்டர் முடிஞ்ச மறுநாள், ரூம்மேட்டோட பைக்ல அமிர்திக்குப் போனேன். வேலூரிலிருந்து சுமார் 25 கி.மீ., ஜவ்வாது மலை அடிவாரம். மே மாதம், அருவியில் தண்ணி சொட்டுதான். "உட்கார அந்தக் கல்லைப் புரட்டுடா" என்றேன். புரட்டினான். கல்லுக்கு அடியில் செந்தேள்.

"தேள்தானே மச்சி" என்று சிரிச்சான். வலியும் குறைஞ்சது. ஆனால் கொஞ்ச நேரத்தில் சட்டை முழுக்க வேர்வை. கையைப் பிடிச்சேன். அந்த வெயிலில் ஐஸ் மாதிரி இருந்தது. பயந்து போய் வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"வலி இல்லைன்னு நினைக்காதீங்க தம்பி, கை ஜில்லுனு இருக்கே, அதான் ஆபத்து" என்றார் டாக்டர்.

ஏன்னு அப்புறம்தான் தேடிப் படிச்சேன். செந்தேள் நஞ்சு, நரம்புகளின் சோடியம் வாயில்களைச் சரியாக மூட விடாது. நரம்பு நுனிகள் நார்அட்ரினலினைக் கொட்டுகின்றன. கூடவே வருவது நியூரோபெப்டைட் ஒய். 36 அமினோ அமிலங்கள் கொண்ட சின்ன புரதத் துண்டு. 1982-இல் டாடேமோட்டோவும் மட்டும் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்தது. இது தனியாக ரத்தக்குழாயைப் பெரிதாக இறுக்காது. நார்அட்ரினலின் இறுக்கும்போது அதன் வேகத்தைக் கூட்டிவிடும். நம்ம பாஷையில் ஆம்ப்ளிஃபையர்.

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் மார்க்குக்காகப் படிச்ச பாய்செய் விதி ஞாபகம் இருக்கா? குழாயின் ஆரம் பாதியானால் தடை 16 மடங்கு. அவன் கைக்கு ரத்தம் போகாததும், இதயம் திணறியதும் அந்தக் கணக்கால்தான். கவனிக்காமல் விட்டால் நுரையீரலில் நீர் கோத்துவிடும்.

அவனுக்குக் கொடுத்தது பிரசோசின் மாத்திரை. நார்அட்ரினலின் போய் ஒட்டும் இடத்தை அது அடைத்துவிடுகிறது. இன்புட்டே இல்லாவிட்டால் ஆம்ப்ளிஃபையர் எதைப் பெருக்கும்? தேள்கடிக்கு இந்த மருந்தைப் பயன்படுத்தி வழிகாட்டியவர் மகாராஷ்டிராவின் மகாட் ஊர் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர். 2022-இல் பத்மஸ்ரீ பெற்றவர்.

விடியற்காலை அவன் கையைத் தொட்டேன். சூடா இருந்தது. "கல்லைப் புரட்டச் சொன்னது நான்தானேடா" என்றேன். "விடு மச்சி, டீ வாங்கிட்டு வா" என்றான்.

தேள் கொட்டினால் வலியை மட்டும் பார்க்காதீங்க. கையைத் தொட்டுப் பாருங்க. ஜில்லுனு இருந்தால் ஒரு நிமிஷம்கூட யோசிக்காதீங்க, கிளம்புங்க.