ஆயா ரூமுக்கு ஒரு மரத் தரை

எங்க வீட்டுத் தரையை முதல் தடவை பார்க்கிறவங்க கொஞ்சம் குழம்பிப் போவாங்க. ஹாலில் ஊதாக் கோடு நெளியும் பாரடைசோ, கிச்சனில் கறுப்பு, ஆயா ரூமில் சாம்பல், சிவப்பு, வெள்ளைன்னு நாலைந்து வகை. அப்பா சூளகிரி பக்கம் ஒரு கிரானைட் யூனிட்டில் பாலிஷ் போடுகிறவர். ஓரம் உடைந்தது, நிறம் சேராததுன்னு ஒதுக்கிய கற்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விலைக்கு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே உட்கார்ந்து பதித்த தரை அது.

அது மேல வேற தரை போடலாம்னு சொன்னது நான்தான்.

காரணம் ஆயா. ஓசூர் பகுதி கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கு. மார்கழி விடியற்காலையில் வெறுங்காலை கல்லில் வைத்தால் என்ன ஆகும்னு நம்ம ஹாஸ்டல் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆயாவுக்கு மூட்டு வலி வேற. வீட்டுக்குள்ள செருப்பு போடச் சொன்னால் கேட்காது. "கல்லு கடிக்குது கண்ணு"ன்னு சொல்லிக்கிட்டே சுவரைப் பிடிச்சு நடக்கும்.

ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் படிச்சது அப்போதான் உறைச்சது. ஒரே ரூமில் இருக்கிற கல்லும் மரமும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். ஆனால் கல் நம்ம காலோட சூட்டை வேகமாக இழுத்துக்கும். மர நாரை அழுத்திச் செய்த பலகையைவிட கிரானைட்டின் வெப்பக் கடத்துதிறன் பத்து மடங்குக்கும் மேல். இன்டர்ன்ஷிப் ஸ்டைபண்ட் கையில் இருந்தது. வீடு முழுக்க லேமினேட் போட்டுடலாம்னு கிளம்பிட்டேன்.

அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரில் ஒரு ஷோரூமுக்கு அப்பாவையும் கூட்டிட்டுப் போனேன். தேக்கு, ஓக், வால்நட்னு வரிசையாகப் பலகைகள். உண்மையில் அதில் தேக்கும் இல்லை, ஓக்கும் இல்லை. மேலே தெரிகிற மரம் ஒரு காகிதத்தில் அச்சடித்த படம். அதற்கு மேலே அலுமினியம் ஆக்சைடு கலந்த மெலமைன் பூச்சு, கீறல் விழாமல் காக்க. படத்துக்குக் கீழே ஹெச்.டி.எஃப். என்கிற அடர்த்தியான மர நார்ப் பலகை. அடியில் பலகை வளையாமல் இருக்க இன்னொரு தாள். 1977-ல் ஸ்வீடனில் பெர்ஸ்டார்ப் கம்பெனி கண்டுபிடிச்சது. அதுதான் பிறகு பெர்கோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

சேல்ஸ்மேன் "ஏசி 4 எடுத்துக்குங்க சார்"ன்னதும், தரைக்கு எதுக்கு ஏர் கண்டிஷனர்னு ஒரு நிமிஷம் முழிச்சேன். அது தேய்மானத்துக்கான ரேட்டிங். எண் ஏற ஏற, அதிகத் தேய்மானம் தாங்கும். வீட்டுக்கு ஏசி 3 போதும், ஏசி 4, 5 எல்லாம் கடை, ஆபீஸ் மாதிரி நடமாட்டம் அதிகமான இடத்துக்கு. இதெல்லாம் நான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அப்பா கேட்டது ஒரே கேள்வி: "தண்ணி ஊத்திக் கழுவலாமா?"

"ஈரத்துணியை நல்லாப் பிழிஞ்சு துடைக்கலாம் சார்." அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்கலை. ஒரு சாம்பிள் துண்டை வாங்கி வந்து ராத்திரி முழுக்க பக்கெட்டில் ஊறப் போட்டேன். காலையில் வெர்னியர் வைத்துப் பார்த்தால், 8 மில்லிமீட்டர் பலகையின் ஓரம் ஒன்பதைத் தாண்டி உப்பியிருந்தது. காய வைத்தும் பழைய அளவுக்கு வரவில்லை. மேல் பூச்சுக்கு ஒண்ணும் ஆகலை. தண்ணீர் நுழைந்தது ஓரம் வழியா. வீட்டில் ஓரம்னா ஒவ்வொரு ஜாயின்ட்டும்தான். வெள்ளிக்கிழமை ஆனா அம்மா பக்கெட் பக்கெட்டாக ஊற்றிக் கழுவுகிற ஹாலும், எப்பவும் ஈரமாக இருக்கிற கிச்சனும் அப்பவே லிஸ்டிலிருந்து போயிடுச்சு. மிஞ்சினது ஆயா ரூம் மட்டும். பத்துக்குப் பன்னிரண்டு, 120 சதுர அடி. வெட்டுச் சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்து வாங்கினோம்.

பெட்டிகளை ரெண்டு நாள் அந்த ரூமிலேயே படுக்கையாக வைக்கணும். ரூமோட ஈரப்பதத்துக்குப் பலகை பழகட்டும்னுதான். பிறகு கல் மேல பாலிதீன் ஷீட், அதுக்கு மேல ஃபோம், அதுக்கு மேல பலகை. பசை கிடையாது, ஆணி கிடையாது, ஒன்றுக்குள் ஒன்று 'க்ளிக்'. சுவரோரம் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டாங்க. மழைக்காலத்தில் பலகை விரியும். இடம் இல்லைன்னா நடுவில் கூடாரம் மாதிரி எழும்பிடும். இடைவெளியை ஸ்கர்ட்டிங் மறைச்சிடும்.

வேலை ஆரம்பிக்கும் முன்னாடி கார்பென்டர் ஆறடி அலுமினிய மட்டப் பட்டையை வைத்து ரூம் முழுக்கப் பார்த்தார். அடித்தரை மேடு பள்ளமாக இருந்தால் நடக்கும்போது க்ளிக் விட்டுப்போகும், அதனால் முதலில் லெவல் பண்ணணும், அது தனிச் செலவுன்னு சொல்லியிருந்தார். மூலைக்கு மூலை நகர்த்திப் பார்த்துட்டு, கன்னடமும் தமிழும் கலந்து கேட்டார்: "யாரு ஹாக்கிது இந்தக் கல்லு? லெவல் பண்ற வேலையே இல்ல."

அப்பா வாசல் பக்கம் நின்றிருந்தார். "நான்தான்"ன்னு சொல்லவே இல்லை. நான்தான் சொன்னேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுமாறிடுச்சு. அஞ்சு கலர் கல்லுன்னு ஃப்ரெண்ட்ஸை வீட்டுக்குக் கூப்பிடவே யோசிச்சவன் நான்.

இப்போ ஆயா சுவரைப் பிடிக்காமல் கட்டிலிலிருந்து கதவு வரை வந்துடும். மூட்டு வலி அப்படியேதான் இருக்கு. "கடிக்கலை"ன்னு மட்டும் சொல்லுது.

ஒரே ஒரு பயம் பாக்கி இருந்தது. ராத்திரி தலைமாட்டில் தண்ணிச் சொம்பு வைத்துத் தூங்குகிற பழக்கம் ஆயாவுக்கு. தட்டி விட்டா என்ன ஆகும்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா யூனிட்டிலிருந்து ஒரு துண்டு பாரடைசோ கொண்டு வந்தார். ஒரு அடிக்கு ஒரு அடி, நடுவில் குழித்து, சுற்றிலும் கரை வைத்து, விளிம்பெல்லாம் பாலிஷ் போட்டது. சொம்பு கவிழ்ந்தாலும் தண்ணி அதுக்குள்ளேயே நிற்கும்.

ஆயாவோட சொம்பு இப்போ அதில்தான் இருக்கு.