எண்ணெய் ஊரின் பந்தாட்டக் குழு

"சேர், இஃது அச்சுப்பிழையாக இருக்குமோ?"

எமது கல்லூரி மாணவன் ஒருவன் பழைய விளையாட்டுக் களஞ்சியம் ஒன்றை விரித்து எம்முன் நீட்டினான். பேஸ்போல் ஆட்டமொன்றிலே ஒரு குழு 51 ஓட்டங்களும் எதிர்க்குழு 3 ஓட்டங்களும் பெற்றன என்று அதிலே காணப்பட்டது. கிரிக்கெட்டில் ஐம்பத்தொன்று அற்பத் தொகை. பேஸ்போலிலோ ஐந்தாறு ஓட்டங்களே பெரும்பாலும் வெற்றிக்குப் போதுமானவை. ஆகவே அவனுடைய ஐயம் நியாயமானதே.

அந்த ஐயத்தைத் தீர்க்கவே நாம் அமெரிக்கா சென்றோம் என்றால் அது மிகையாகும். ரெக்சாஸ் மாநிலத்து டலஸ் நகரில் வாழும் மைத்துனரைக் காணவே சென்றோம். ஆயினும் அந்த ஆட்டத்தில் வென்ற குழுவின் ஊராகிய கொர்சிக்கானா அங்கிருந்து தெற்கே ஐம்பது மைல் அளவில் உள்ளது என்று அறிந்தபின் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஒருநாட் காலை மைத்துனருடைய காரிலே புறப்பட்டோம்.

வழியெங்கும் கரிய மண். பருத்தியால் வாழ்ந்த பூமி இது. முப்பத்தைந்து மைல் அளவில் எனிஸ் என்னும் சிற்றூர் வருகின்றது. புகையிரதப் பாதையை ஒட்டி வளர்ந்த ஊர். அங்கே இறங்கிச் சிறிது நேரம் நின்றோம். நின்ற காரணம் பின்னர் வரும். மேலும் இருபது மைல் சென்றால் கொர்சிக்கானா. ரெக்சாஸ் விடுதலைப் பிரகடனத்தில் 1836 இல் ஒப்பமிட்டவர்களுள் ஒருவராகிய ஹோசே அந்தோனியோ நவரோ என்பவரின் தந்தையார் கொர்சிக்காத் தீவிலே பிறந்தவர். மகனின் பெயர் மாவட்டத்துக்கும், தந்தை பிறந்த தீவின் பெயர் ஊருக்கும் வாய்த்தன.

இவ்வூரார் 1894 இல் தண்ணீர் வேண்டிக் குழாய்க்கிணறு தோண்டுவித்தனர். 1,035 அடி ஆழத்திலே பெற்றோலியம் பொங்கிற்று. அவர்கள் அதனைப் பாக்கியமாகக் கருதவில்லை. அதனை ஓர் இடையூறாக எண்ணி, மேலும் ஆழமாகத் தோண்டித் தண்ணீர் எடுத்த பின்னரே ஓய்ந்தனர். நீருக்காகக் கிணறு வெட்டி ஏமாந்தவர் எவருக்கும் அவர்தம் எரிச்சல் விளங்கும். சில ஆண்டுகளில் எண்ணம் மாறிற்று. 1898 இல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. ஊரிலே பணம் புழங்கலாயிற்று. பணம் வந்த ஊருக்குப் பெருமை பேச ஒரு பந்தாட்டக் குழுவும் வேண்டியதாயிற்று போலும்.

சில காலம் நின்றுபோயிருந்த ரெக்சாஸ் லீக் என்னும் போட்டித்தொடர் 1902 இல் ஆறு குழுக்களுடன் மீண்டும் உயிர்பெற்றது. டலஸ், போர்ட் வேர்த் முதலிய பெரிய ஊர்களுக்குச் சமமாகக் கொர்சிக்கானாவும் அதில் இடம்பெற்றது. டோக் ரொபேட்ஸ் என்பவர் அதன் நிர்வாகி. 'எண்ணெய் நகரத்தார்' என்பது குழுவின் பட்டப்பெயர். அவ்வாண்டு இவர்கள் தொடர்ச்சியாக 27 ஆட்டங்களில் வென்றனர். வெற்றிக் கிண்ணமும் அவர்களுக்கே என்ற நிலை விரைவில் உண்டாயிற்று.

எதிரே நின்ற குழுக்களுள் ஒன்று ரெக்சார்கானா. ஷேர்மன், டெனிசன் என்னும் இரட்டை ஊர்களில் அக்குழு தொடங்கிற்று. அங்கே நிலைகொள்ளாது மே மாதத்தில் ரெக்சார்கானாவுக்கு இடம் மாறிற்று. 'சவப்பெட்டி செய்வோர்' என்ற விந்தையான பெயரால் அதனைக் குறிப்பிடுவர். இத்தகைய பெயருடன் களம் இறங்குதல் நற்சகுனமாகாது என எம் பாட்டியார் இருந்தாற் சொல்லியிருப்பார்.

1902 யூன் 15 ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று ஆடுதற்குக் கொர்சிக்கானாவிலே சட்டத் தடை இருந்தமையால் ஆட்டம் எனிஸில் நடந்தது. அங்கிருந்த மைதானம் சிறியது; வலப்பக்க வேலி மிக அருகில் இருந்தது. அவ்வேலிக்கு அப்பால் பந்து பறந்தால் 'ஹோம் ரன்'. கிரிக்கெட்டில் ஆறு ஓட்டம் அடிப்பது போன்றது என்க. கொர்சிக்கானாவின் ஜே ஜஸ்ரின் கிளார்க், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தைச் சேர்ந்த 19 வயது இளைஞர். இடக்கையால் துடுப்பாடுபவர், வலப்பக்க வேலி அவருக்கு நேரே அமைந்தது. எட்டு முறை ஆட வந்தார். எட்டு முறையும் ஹோம் ரன்.

ரெக்சார்கானாவின் பந்தெறிவாளர் ஒருவரே இறுதிவரை எறிந்தார் என்று சொல்வர். கிரிக்கெட்டில் ஓட்டம் மிகுந்தால் தலைவர் ஆட்டத்தை நிறுத்திக்கொள்வதாக அறிவிக்கலாம். பேஸ்போலில் அந்தக் கருணைக்கு விதியில்லை. மூவர் ஆட்டமிழக்கும்வரை எறிந்தே தீரவேண்டும். யூன் மாதத்து ரெக்சாஸ் வெயிலை எண்ணிப் பாருங்கள். எனிஸில் நாம் நின்றபோது எமக்குக் கிளார்க்கின் நினைவு வரவில்லை. அந்தப் பந்தெறிவாளரின் தோள்தான் நினைவுக்கு வந்தது.

செய்தி தந்தியிற் சென்றது. எட்டு என்பதைத் தந்திக்காரரின் பிழையெனக் கருதிச் சில பத்திரிகைகள் மூன்று எனத் திருத்தி வெளியிட்டன என்றொரு கதை உண்டு. எமது மாணவன் முதல்வன் அல்லன்!

ரெக்சார்கானாக் குழு யூலையிலே கலைந்தது. இரண்டு மாத வாழ்வு. வென்ற கொர்சிக்கானாவும் அந்த லீக்கில் நெடுங்காலம் நிலைக்கவில்லை. சில ஆண்டுகளில் அதன் பெயர் மறைந்தது. எண்ணெய்ப் பணமும் வேறு ஊர்களை நாடிற்று; 1901 இல் போமன்ற் அருகே பெரும் ஊற்று வெடித்த பின் யாவர் கண்ணும் அத்திசையிலேயே இருந்தது. கிளார்க் கிளீவ்லண்ட் முதலிய பெருங்குழுக்களில் ஆடினார். 1908 ஒக்டோபர் 2 இல் அடி ஜொஸ் எதிரணியின் ஒருவரையும் முதற்றளத்தை அடையவிடாது எறிந்த புகழ்பெற்ற ஆட்டத்திலே பந்தைப் பிடித்தவர் இவரே. ஆனால் பெருங்குழுக்களில் அவர் வாழ்நாளெல்லாம் அடித்த ஹோம் ரன்கள் ஆறு மாத்திரமே.

எமக்கு ஒரு மனக்குறை உண்டு. அருகிலிருந்த வேலியின் தயவால் வந்த 51 எல்லார் வாயிலும் வாழ்கின்றது. பல மைதானங்களில், பல நாட்கள் வியர்வை சிந்திப் பெற்ற 27 வெற்றிகளைப் பேசுவார் அரியர். எண்பத்தைந்து ஆண்டுகள் அதனை ஒருவரும் மிஞ்சவில்லை. 1921 இல் போல்ரிமோர் குழு சமன் செய்தது. 1987 இல் சோல்ற் லேக் நகரத்துக் குழுவொன்று 29 வென்று முந்திற்று.

கொர்சிக்கானாவில் முதல் எண்ணெய்க் கிணற்றின் நினைவாக ஒரு சிறு பூங்கா இருக்கின்றது. அதனைப் பார்த்தபின், 1896 இல் தொடங்கி உலகெங்கும் தபாலிற் பழக் கேக் அனுப்பும் வெதுப்பகத்துக்குச் சென்றோம். மைத்துனர் ஒன்று வாங்கித் தந்தார். நத்தார்க் கேக்கிலும் கனமானது. பீக்கன் பருப்பு நிறைந்தது. ஊர் திரும்பி அதனை வகுப்பிலே பகிர்ந்தோம். கதையை முழுவதும் கேட்ட மாணவன் களஞ்சியத்தைத் திறந்து, 51 என்ற எண்ணுக்கு அருகே தான் முன்னர் இட்டிருந்த கேள்விக்குறியை அழித்தான். பின்பு அதே ஓரத்தில் பென்சிலால் 27 என்று எழுதினான்.