லயத்து வாசலில் ஒரு வெண்குடை

பத்திரிகைப் படப்பிடிப்பாளர்களாகிய எங்களுக்குக் கையடக்க ஃபிளாஷ் என்பது நெடுங்காலம் ஒரு சாட்சி மட்டுமே. கமராவின் தலையில் செருகி, முகத்துக்கு நேரே நீட்டி, அழுத்திவிடுவோம். விபத்துக்கும் பொதுக்கூட்டத்துக்கும் அது போதும். ஒரு மனிதரை அமரவைத்து அவர் முகத்தை எடுக்கும்போதோ, அதே வெளிச்சம் அவரைப் பொலிஸ் நிலையத்துச் சுவரோரம் நிறுத்திவிடுகிறது. நெற்றியிலும் மூக்கிலும் வெள்ளைத் திட்டு. பின்னால் வெட்டியெடுத்தாற்போன்ற நிழல். கறுத்த தோலில் இத்திட்டுகள் இன்னும் துலக்கமாகத் தெரியும். நம்மவர் முகங்களுக்கு மென்னொளி அவசியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஃபிளாஷின் மேல் கைக்குட்டையைக் கட்டினால் ஒளி மென்மையாகும் என்று சாதிக்கும் நண்பர்கள் இன்றும் உண்டு. ஒளி குறையும், அவ்வளவே. விளக்கின் முகப்பு ஆறேழு சென்ரிமீற்றர் அகலம். துணி அதனோடு ஒட்டியிருக்கும்வரை அந்த அகலம் மாறாது. எதிரே இருப்பவரின் இடத்திலிருந்து பார்க்கையில் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதே கணக்கு. பூமியைப்போல 100 மடங்குக்கு மேல் அகலமான சூரியன், 15 கோடி கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பதால் சிறு வட்டமாகி, கண்டி வாவிக்கரையில் கூரிய நிழலை வீழ்த்துகிறது. ஹந்தானை மலையில் முகில் கவிந்தால் வானம் முழுவதும் விளக்காகிறது; நிழல் கரைந்துபோகிறது. கடைகளில் விற்கும் வெள்ளைப் பிளாஸ்ரிக் மூடியும் அறைக்குள் மட்டுமே உதவும். சுவர்களில் ஒளியைச் சிதறடித்துத் திருப்புவதுதான் அதன் வேலை. வெட்டவெளியில் திருப்பித் தர என்ன இருக்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன் ஹந்தானைப் பக்கத் தோட்டமொன்றில், ஓய்வுபெற்ற கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவரைச் செய்திக்காகச் சந்தித்தேன். பேசி முடிந்ததும் அவர் தயங்கிச் சொன்னார்: "ஐயா, அடையாள அட்டையில இருக்கிறது என் மூஞ்சியே இல்ல. செத்தா அதத்தான் பெருசாக்கிச் செவத்துல மாட்டுவாங்க. நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுங்க."

1948 இல் குடியுரிமை மறுக்கப்பட்ட சமூகம் அவருடையது. 1964 இல் இரு நாடுகள் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டுக்கொண்டன. எஞ்சியோருக்கு விடிவு தந்த சட்டம் 2003 இல்தான் வந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் விண்ணப்பப் படிவத்துக்காகவே படம் எடுத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்!

லயத்தின் உள்ளே கூரை புகையேறிக் கறுத்திருந்தது. அதில் ஒளியைத் தட்டித் திருப்ப வழியில்லை. சுவரோ பச்சை, முகமும் பச்சையாகும். ஆகவே இஸ்தோப்பில் ஒரு பலகையைப் போட்டு அவரை அமர்த்தினேன். ஒளி ஊடுருவும் வெண்குடையை விரித்து, அதனூடே ஃபிளாஷைப் பாய்ச்சி, முகத்திலிருந்து ஒரு மீற்றருக்கும் குறைவான தூரத்தில், பக்கவாட்டில் சற்று உயரமாகப் பிடிக்கும்படி பேரனிடம் கொடுத்தேன். முதலில் பின்னாலிருந்த தேயிலைச் சரிவுக்கு வெளிச்சக் கணக்கை அமைத்தேன். பிறகு ஃபிளாஷின் வலுவைக் கால் பங்காகக் குறைத்தேன். குடை அருகில் இருந்ததால் அதுவே தாராளம். வெண்குடை ஒரு காலத்தில் அரசருக்கே உரியது. அதைக் கண்டு லயமே சிரித்தது. அம்மாவும் சிரித்தார். அந்தக் கணத்தில்தான் அழுத்தினேன்.

ஃபிளாஷ் இல்லாத காலத்திலேயே இந்த வித்தையை அறிந்திருந்தவர் ஜூலியா மார்கரெட் கேமரன். கண்டி இராச்சியம் வீழ்ந்த அதே 1815 இல் கல்கத்தாவில் பிறந்தவர். இங்கிலாந்தில் ஒரு கோழிக்கூட்டைக் கண்ணாடி அறையாக்கி, வரும் ஒளியைத் தாமே அடக்கி ஆண்டவர். 1875 இல் இலங்கைக்கு வந்து, களுத்துறையில் சாதாரண மக்களைப் படமெடுத்தார்; 1879 இல் டிக்கோயாவில் காலமாகி, பொகவந்தலாவையில் அடங்கியிருக்கிறார். பெரிய ஒளிவாயில், பக்கவாட்டு வெளிச்சம், அவசரமின்மை. குடை வேண்டியிருக்கவில்லை அவருக்கு.

மலையில் குடை விரிப்போர் காற்றுக்கு அஞ்ச வேண்டும். தாங்கியை நம்பாமல் ஓர் ஆளை நம்புங்கள். இன்னொன்று: ஃபிளாஷின் நிறம் நண்பகல் வெயிலின் நிறம். மாலைச் செவ்வொளியில் அப்படியே பாய்ச்சினால் முகம் மட்டும் நீலம் பாய்ந்து தனித்து நிற்கும். மெல்லிய செம்மஞ்சள் வடிதாள் ஒரு துண்டை விளக்கில் ஒட்டிக்கொள்ளுங்கள்.