குச்சிக் கொம்பு

வேட்டைக்காரர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்து வெள்ளைவால் மான்களைப் பற்றி எது கிடைத்தாலும் விடாமல் படித்துவிடுகிறேன். அங்கே வெகுகாலமாக ஒரு வழக்கு நடக்கிறது. கோர்ட்டு வழக்கு அல்ல. குற்றவாளி, ஒன்றரை வயது ஆண் மான். குற்றம், கிளை பிரியாமல் குச்சி போல் இரண்டு கொம்பு முளைத்திருப்பது.

"இவன் தேறமாட்டான், சுட்டுத் தள்ளு. இவன் வம்சம் பெருகினால் காடெல்லாம் குச்சிக் கொம்புதான்" என்கிறது ஒரு கட்சி. களை பிடுங்குகிற நியாயம்! "பொறு ஐயா, மான் கொம்பு வருஷா வருஷம் உதிர்ந்து முளைப்பது. ஐந்தாறு வயதில் வந்து பார்" என்கிறது மற்றது.

என் அனுதாபம் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுகிறேன். பத்து வயதில் என் கணக்கு நோட்டைப் பார்த்து, 'இது உருப்படாது' என்று தீர்ப்புச் சொன்ன வாத்தியார் ஒருவர் எனக்கும் இருந்தார். அவர் கையில் துப்பாக்கி இல்லை, பிழைத்தேன்.

ஆனால் அனுதாபம் சாட்சியாகாது. கெர் என்ற இடத்தில் அரசாங்க வனவிலங்குத் துறையார் 1970-களிலிருந்து மான்களை வேலிக்குள் வளர்த்துப் பார்த்தார்கள். அளந்த தீனி, இன்னாருக்கு இன்னார் பிள்ளை என்ற கணக்கு. குச்சிக் கொம்பனின் சந்ததி சராசரியில் பிந்தியேதான் நின்றது. கொம்பில் பரம்பரைக்குப் பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை.

வேலிக்கு வெளியே? தென் டெக்ஸாஸில் கமான்சி என்ற பெரும் பண்ணையில் 2006-இல் தொடங்கி, ஹெலிகாப்டரிலிருந்து வலை வீசி ஆண் மான்களைப் பிடித்து, கொம்பை அளந்து, தேறாதவற்றைக் கழித்தார்கள். ஒரு பகுதியில் கடுமையாக, ஒரு பகுதியில் மிதமாக. மூன்றாவதில் அளந்ததோடு விட்டுவிட்டார்கள். வருஷங்கள் போயும் கொம்பு பெருக்கவில்லை. கடுமையாகக் கழித்த இடத்தில் ஆண் மான்களே அருகிப் போயின.

யோசித்தால் காரணம் தெரிகிறது. பெண் மானுக்குக் கொம்பு கிடையாது. ஆனால் மகன் கொம்பில் அவள் பங்கும் உண்டு. அதை எந்த வேட்டைக்காரன் எந்தத் தொலைநோக்கியில் பார்ப்பான்? பெரிய கொம்பன்கூட வருஷத்துக்குச் சில குட்டிகளுக்கே தகப்பன். இளங்காளைகளோ பிறந்த காட்டிலேயே தங்குவதில்லை. பக்கத்துக் காட்டுக்குப் போய்விடுகின்றன, அங்கிருந்தும் வருகின்றன. மழை பொய்த்த வருஷத்திலோ நல்ல வம்சத்துப் பிள்ளைக்கும் குச்சிதான் முளைக்கும்.

பிந்திப் பிறந்ததினாலேயே குச்சிக் கொம்போடு நிற்கிற குட்டிகளும் உண்டு. கூடப் பிறந்தவற்றைவிடச் சில வாரம் குறைவாக மேய்ந்தவை, அவ்வளவுதான். அடுத்த கொம்பு முளைக்கும்போது வயிறு நிறையத் தழை கிடைத்தால், அவற்றின் தலையிலும் கிளை பிரியும்.