அப்பாவுக்கு ஒரு துப்பாக்கி

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் என்றாலே மலையைச் சுற்றப் போகிறவர்கள் என்றுதான் நாம் நினைத்துக் கொள்கிறோம். ஒரு திங்கட்கிழமை காலையில் வேலூர் சாலையில் போகிற பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். அங்கே வேறு ரகமான யாத்ரீகர்கள்! கையில் தேங்காய் பழக் கூடை இராது. மஞ்சள் பையும் அதற்குள் ஒரு காகிதக் கட்டும் இருக்கும். பட்டா கேட்கிறவர், முதியோர் பென்ஷன் கேட்கிறவர், பக்கத்து நிலத்துக்காரன் வரப்பை வெட்டி விட்டான் என்று புகார் கொண்டு வருகிறவர் என்று எல்லோரும் வேங்கிக்காலில் இறங்கி விடுவார்கள்.

வேங்கிக்கால் நேற்று வரை ஏரியும் வயலுமாக இருந்த கிராமம். 1989 செப்டம்பர் 30-ம் தேதி வட ஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டு தனி மாவட்டம் உண்டாக்கினார்கள். மாவட்டம் என்றால் கலெக்டர் வேண்டாமா? கலெக்டர் என்றால் கச்சேரி வேண்டாமா? (சங்கீதக் கச்சேரி அல்ல, நம் தாத்தாக்கள் ஆபீஸுக்குச் சொன்ன பெயர்.) அந்தக் கச்சேரி இன்று வேங்கிக்காலில் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அண்ணாமலை தெரிகிறது. மனு எழுதுகிறவர் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு தடவை மலையைப் பார்த்துக் கும்பிடுகிறார். பிறகு உள்ளே போகிறார்.

இந்த மனுக்களுக்கு நடுவே எப்போதாவது விசித்திரமான மனு ஒன்றும் வருவதுண்டு. அதுதான் துப்பாக்கி மனு. மாவட்ட மாஜிஸ்திரேட் என்ற முறையில் அதைக் கவனிக்க வேண்டியவர் கலெக்டர்.

நமக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. உங்கள் மாமனாரும் மாமியாரும் கொல்லை மேட்டில் தனி வீட்டில் இருக்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். பிள்ளை சென்னையில்; பெண்ணைக் கொடுத்த இடம் பெங்களூர். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வேறு வீடு கிடையாது. 2024 நவம்பரில் பல்லடத்துக்கு அருகே ஒரு தோட்டத்து வீட்டில் வயதான தாய், தந்தை, மகன் மூன்று பேரையும் கொன்று போட்டார்கள். 2025-ல் சிவகிரிப் பக்கம் இன்னொரு தோட்டத்து வீட்டில் ஒரு முதிய தம்பதிக்கும் அதே கதி நேர்ந்தது. அந்தச் செய்திகளைப் படித்த இரவு தூங்காத பிள்ளைகள் எத்தனையோ பேர். "அப்பாவுக்கு ஒரு துப்பாக்கி வாங்கிக் கொடுத்து விடலாமா?" என்ற யோசனை அந்த இரவில் பிறந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. பிறந்த நாளுக்கு வேஷ்டி எடுப்பது போல, மூக்குக் கண்ணாடி மாற்றிக் கொடுப்பது போல, இதுவும் பெற்றவர்களுக்குச் செய்கிற காரியம்தானே என்று தோன்றி விடுகிறது.

தோன்றட்டும். ஆனால் வேங்கிக்காலுக்கு வந்து விசாரித்தால் முதல் பாடம் இதுதான்: நம் நாட்டில் துப்பாக்கியை அப்படிப் பரிசு கொடுக்க முடியாது!

1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் ஆளுக்குத்தான் கிடைக்கிறது. யார் வைத்துக் கொள்ளப் போகிறாரோ அவரே விண்ணப்பிக்க வேண்டும். எதற்காக என்று காரணம் சொல்ல வேண்டும். உள்ளூர்ப் போலீஸ் விசாரித்து அறிக்கை அனுப்ப வேண்டும். 2016-ல் வந்த விதிகள், மனநிலையும் உடல்நிலையும் சரியாக இருக்கின்றன என்று டாக்டர் சான்று கேட்கின்றன. துப்பாக்கியைக் கையாளப் பழகிக் கொண்டதற்கும் சான்று கேட்கின்றன. இத்தனையும் ஆன பிறகும் கலெக்டர் மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் அப்பீல் உண்டு. லைசென்ஸ் வந்த பிறகுதான் கடைக்குப் போவது. பணத்தை நீங்கள் கட்டலாம். அதை யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் கடைக்காரர் துப்பாக்கியை உங்கள் கையில் கொடுக்க மாட்டார். அப்பாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று வர்ணக் காகிதத்தில் சுற்றிக் கொண்டு ஊருக்குப் போகிற காரியமெல்லாம் நடக்காது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால், 2019-ல் திருத்திய சட்டப்படி இரண்டு வருஷம் முதல் ஐந்து வருஷம் வரை சிறைவாசம்! அப்பாவின் துப்பாக்கியைப் பழுது பார்க்க நீங்கள் எடுத்துக் கொண்டு போவதானால்கூட, அவர் கூட வர வேண்டும் அல்லது கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆகவே பிள்ளை கொடுக்கக் கூடியது துப்பாக்கி அல்ல, அலைச்சல்தான். அப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும், பயிற்சிக்கு அழைத்துப் போக வேண்டும், போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சியில் பக்கத்தில் உட்கார வேண்டும், வேங்கிக்காலுக்குக் கூட்டி வர வேண்டும். இதற்கெல்லாம் லீவு கிடைக்குமா என்று உங்கள் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, எல்லாம் கிடைத்தது என்றே வைத்துக் கொள்வோம். எதை வாங்குவது? விவசாயிகள் வீட்டில் பழைய நாளிலிருந்து பழக்கமானது '12 போர்' என்கிற நீளத் துப்பாக்கி. பன்னிரண்டு என்பது அங்குலக் கணக்கு இல்லை. குழலுக்குள் சரியாக அடங்குகிற ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை, அதுதான் கணக்கு. எண் குறையக் குறையக் குழல் பெருக்கும். வெடிக்கும்போது பின்னுக்கு ஓர் உதை உதைக்கும். வாலிபனுக்கே தோள் கன்றிப் போகும். அறுபத்தெட்டு வயசுத் தோளுக்கு? கடைக்காரர் சொல்லாவிட்டாலும் அம்மா சொல்லி விடுவாள்.

அம்மாவுக்கே வாங்கலாமே என்கிறீர்களா? கான்பூர் அரசாங்கத் தொழிற்சாலை 2014-ல் பெண்களுக்கென்றே 'நிர்பீக்' என்று ஒரு ரிவால்வரைக் கொண்டு வந்தது. அரைக் கிலோ எடை. நகைப் பெட்டி மாதிரி ஓர் அழகான பெட்டி. விலை அப்போதே 1,22,360 ரூபாய்! அந்தப் பணத்துக்கு அந்த நாளில் ஐந்து பவுன் எடுத்திருக்கலாமே என்று நம் வீட்டுப் பெண்கள் கணக்குப் போட்டால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பவுனாவது கழுத்தில் கிடக்கும். ரிவால்வர் எங்கே கிடக்கும்?

அதுதான் நிஜமான கேள்வி. பேரன் பேத்திகள் லீவுக்கு வருகிற வீட்டில் துப்பாக்கியைச் சுவரில் மாட்டி வைக்க முடியுமா? பூட்டித்தான் வைக்க வேண்டும். தோட்டா வேறிடத்தில் இருக்க வேண்டும். பீரோச் சாவி அம்மாவின் இடுப்பில். இரவு இரண்டு மணிக்கு நாய் குரைக்கிறது. அப்பா எழுந்து கண்ணாடியைத் தேட வேண்டும், அம்மாவை எழுப்ப வேண்டும், சாவியை வாங்க வேண்டும், பீரோவைத் திறக்க வேண்டும், தோட்டாவைப் போட வேண்டும். வந்த திருடன் அதுவரை திண்ணையில் உட்கார்ந்து காத்திருப்பானா? தேர்தல் வந்தாலோ, லைசென்ஸ் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டு போய் ஒப்படைக்கும்படி உத்தரவு வரும். முடிகிற வரை வீட்டில் ரசீதுதான் காவல் இருக்கும்.

"திருடனுக்கு இல்லாவிட்டால் போகிறது, காட்டுப் பன்றிக்காவது ஆகுமே?" என்று அப்பா கேட்கலாம். ஜவ்வாது மலை அடிவாரத்தில் மணிலா போடுகிறவர்களுக்குப் பன்றியின் தொல்லை நன்றாகத் தெரியும். பயிர்க் காவலுக்கு மருந்து கெட்டிச் சுடுகிற துப்பாக்கி கேட்டால், காரணம் உண்மையானால், லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்றே 1959-ம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. ஆனால் சத்தம் போட்டு விரட்டுவது வேறு, சுட்டுக் கொல்வது வேறு. 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் பன்றியைச் சுட வழி செய்தபோதுகூட, காப்புக் காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையார்தான் சுடலாம் என்று வைத்தார்கள். விவசாயி கையில் அந்த வேலையைக் கொடுக்கவில்லை.

குடகு நாட்டுக் கதை வேறு. அங்கே ஆண் குழந்தை பிறந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு. யாராவது இறந்தால் இரண்டு வேட்டு. குடகர்களுக்கு லைசென்ஸிலிருந்து வெள்ளைக்காரன் காலத்திலேயே விலக்கு உண்டு. அதை 2029 அக்டோபர் வரை நீட்டித்திருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் துப்பாக்கிக்குப் பூப்போட்டுப் பூஜையும் செய்கிறார்கள். நமக்கு ஆயுத பூஜைக்கு அரிவாள்மனையும் தையல் மிஷினும் போதும்.

நம் சட்டத்தில் இன்னொரு வேடிக்கை. துப்பாக்கி வைத்திருப்பவருக்கு எழுபது வயது ஆனாலோ, அல்லது இருபத்தைந்து வருஷம் வைத்திருந்தாலோ, அதைத் தம் வாரிசு ஒருவருக்கு மாற்றிக் கொடுக்க விதி இடம் தருகிறது. வாரிசும் தகுதி உள்ளவராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதாவது, எந்த வயதில் நீங்கள் அப்பாவுக்குத் துப்பாக்கி கொடுக்க நினைக்கிறீர்களோ, ஏறக்குறைய அந்த வயதில்தான் அவர் உங்களுக்குக் கொடுக்கலாம் என்று விதி சொல்கிறது! புறநானூற்றிலும் இப்படித்தான். தாய் மகன் கையில் வேலைக் கொடுத்து அனுப்பினாள். மகன் தாய்க்குக் கொடுத்ததாக நான் படித்ததில்லை.

பெரியவர்களுக்குக் காவலே வேண்டாமா என்றால், வேண்டும். வேங்கிக்காலில் வேலை முடிந்து பொழுது இருந்தால் செங்கம் பக்கம் போய் வாருங்கள். அந்தப் பிரதேசம் முழுவதும் நடுகற்கள். வில்லும் வாளும் ஏந்திய வீரர்கள் கல்லில் நிற்கிறார்கள். எடுத்தனூரில் கிடைத்த கல்லில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய். மகேந்திர பல்லவன் காலத்துக் கல், ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய் எஜமான் விழுந்து விட்டான்; கோவிவன் என்கிற அந்த நாய் இரண்டு திருடர்களைக் கடித்துவிட்டுக் காவல் இருந்தது. வீரனோடு அதன் பெயரையும் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்பே இந்த ஜில்லாவில் கொல்லைக் காவலுக்கு எது உதவியது என்று தெரிகிறதல்லவா? அதற்கு லைசென்ஸ் வாங்க வேங்கிக்காலுக்கு வர வேண்டியதும் இல்லை. ஒரு நல்ல நாய்க்குட்டி, வாசலிலும் கொல்லைப்புறத்திலும் விடிய விடிய எரிகிற இரண்டு விளக்கு, அம்மாவின் போனில் ஒரே அழுத்தில் போகிற மாதிரி 112. இவற்றையெல்லாம் நீங்களே போய் இரண்டு நாள் தங்கிச் செய்து கொடுக்கலாம்.

அதற்கும் மேல் அப்பா பிடிவாதமாகத் துப்பாக்கிதான் வேண்டும் என்றால், அவரையும் கூட்டிக் கொண்டு வேங்கிக்காலுக்குப் புறப்படுங்கள். பௌர்ணமியன்று மட்டும் வேண்டாம். கிரிவலக் கூட்டத்துக்காக வெளியூர் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தி விடுவார்கள்; வயசானவரை வெயிலில் நெடுந்தூரம் நடத்த வேண்டி வரும்.